மூச்சு விட்ட பிறகு எடுத்த அளவு

பணி அனுபவங்கள் எழுதும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அடுத்த மாதம் இந்த வேலையை விட்டு வேறு ஊருக்குப் போகிறேன். என் மேசைக்கு நீங்கள் இரண்டு பேர் வந்திருக்கிறீர்கள். குழந்தை உடுப்பில் ஒரு சைஸிலிருந்து அடுத்த சைஸுக்கு எங்கே எவ்வளவு கூட்டுவது என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, உங்கள் படிப்பிலும் இருக்கிறது. இரண்டிலும் இல்லாத ஒன்றை எழுதி வைத்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வந்த முதல் நாளே கேட்டீர்கள், ஐந்து வயது வரைக்கும் நம் நிக்கர் லேபிளில் பாய்ஸ், கேர்ள்ஸ் என்று ஏன் போடுவதில்லை என்று. அப்புறம் சொல்கிறேன் என்றேன். அந்த அப்புறம் இதுதான்.

ஆர்டர் ஒரு ப்ளே ஸ்கூலுடையது. இங்கே திருவனந்தபுரத்திலேயே பல இடங்களில் அதற்குக் கிளைகள். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஒரே சீருடை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்: நீல நிக்கர், மஞ்சள் டி-ஷர்ட். ஃபிராக் கிடையாது. எனக்கு அந்த ஆர்டரே பிடித்திருந்தது. ஓடுகிற வயதில் எல்லோரும் ஓடலாம், சறுக்கலாம், குந்தி உட்காரலாம்.

நாங்கள் டேப் கொடுத்து முறையையும் சொல்லிக்கொடுக்க, பள்ளியிலேயே டீச்சர்கள் பிள்ளைகளை நிறுத்தி அளவெடுத்து அனுப்பினார்கள். உயரம் ஒன்றாக இருந்தும், பெண் பிள்ளைகளின் இடுப்பளவு ஆண் பிள்ளைகளுடையதைவிடச் சிறியதாக வந்திருந்தது. இந்த வயதில் அப்படி வரக் காரணமே இல்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு இடுப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. மார்பு முடிந்ததும் வயிறு, வயிறு முடிந்ததும் கால். ஆணானாலும் பெண்ணானாலும் அப்படித்தான். நம் படிப்பில் முதல் வருடமே சொல்லித்தருவார்கள். ஆனால் கடையில் தொங்கும் பெண் பிள்ளை உடுப்புகளெல்லாம் ஒரு பிடி இறுக்கமாகத்தான் வருகின்றன. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த எண்கள் உறுத்தவில்லை. எங்களுக்கும் உறுத்தவில்லை, பள்ளிக்காரர்களுக்கும் உறுத்தவில்லை. டிசைன் ஒன்று, அளவு அட்டவணை இரண்டு என்று முடிவாயிற்று.

முதலில் கரமனைக் கிளைக்கு மட்டும் கொஞ்சம் தைத்துக் கொடுத்தோம். விடுமுறை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும், ஜூனில் பள்ளி திறப்பதற்குள் மீதியைத் தைத்துவிடலாம் என்று ஏற்பாடு. கரமனையிலிருந்து புகார் எதுவும் வரவில்லை. சரி, மற்றதை வெட்டலாம் என்று துணி இறக்கினார்கள்.

குழந்தை உடுப்பில் புகார் வராததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டை சேரவில்லை என்றால் பெரியவர்கள் கடைக்காரரைத் திட்டுவார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கடை தெரியாது, சைஸ் தெரியாது. குனிந்து தன் வயிற்றைத்தான் பார்க்கும்.

செல்வி அக்காவை உங்களுக்குத் தெரியும், ஓவர்லாக் மெஷினில் இருப்பவர். ஊர் தென்காசிப் பக்கம். கணவருக்குக் கட்டட வேலை. கரமனையில் வாடகை வீடு. அவர் மகள் பவி, நாலு வயது நிறையாதவள், அந்தக் கிளைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் டீ நேரத்தில் செல்வி அக்கா என் மேசைக்கு வந்து, தம்ளரை வைக்காமலே நின்றார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம தைச்ச நிக்கரு சரியான அளவுதானா?"

"ஏன்க்கா, பவிக்கு இறுக்குதா?"

"இறுக்குதா இல்லியான்னு அவ சொன்னாத்தான? சாயங்காலம் கழத்திப் பாத்தா வயித்தச் சுத்தி செவப்பா கோடு கெடக்கு. கேட்டா ஒண்ணும் இல்லைங்கா. இப்ப கொஞ்ச நாளா சாப்புடவே மாட்டேங்கா."

"உடம்பு சரியில்லையோ?"

"அதெல்லாம் இல்ல மேடம், டாக்டர்ட்டயும் காட்டியாச்சு. ஒரு தோசைய வச்சிக்கிட்டு ஓரத்த மட்டும் பிச்சுத் திங்கா. 'வயிறு வந்துரும்மா, வேண்டாம்மா'ங்கா. இந்த வயசுல இந்தப் பேச்ச எங்க படிச்சா? எனக்குச் சிரிக்கவா அழவான்னே தெரியல."

எலாஸ்டிக்கை மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாமே என்றேன்.

"அதுவும் செஞ்சாச்சு. நானே பிரிச்சு எளக்கிக் கொடுத்தேன். டீச்சர் பாத்துட்டு, 'அய்யோடா, குடவயறிக்கு அம்ம வலுதாக்கித் தந்தோ'ன்னு, தொப்பைக்காரிக்கு அம்மா பெருசாக்கித் தந்தாளான்னு கொஞ்சியிருக்காங்க. அவங்க செல்லத்துக்குத்தான் சொன்னது. பக்கத்துல இருந்த பிள்ளைங்க 'தடிச்சி தடிச்சி'ன்னு பிடிச்சுக்கிட்டுது. இப்ப அந்த நிக்கரத் தொடவே மாட்டேங்கா. பழைய இறுக்கந்தான் வேணுமாம்."

பவியை எனக்குத் தெரியும். அவள் உயரத்துக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கும் பிள்ளை. குண்டாக இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

பட்டியல் போடாமல் எனக்கு யோசிக்க வராது. டீ ஆறுவதற்குள் மூன்று போட்டேன். ஒன்று, பவிக்கு மட்டும் சேரவில்லை என்றால் அவளுக்கு மட்டும் சைஸ் மாற்றலாம். அது நிற்கவில்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் தளர்த்திக் கொடுத்ததால்தான் அந்த வார்த்தையே அவள்மேல் விழுந்தது. இரண்டு, தையலில் தவறு. கையிலிருந்த சாம்பிள்களை எடுத்து அளந்தேன். தையல் சரியாக இருந்தது. மூன்றாவதாக மிச்சமிருந்தது அட்டவணை. அட்டவணையே தவறு என்றால் எல்லாக் கிளைகளிலும் பெண் பிள்ளைகள் அந்தச் சிவப்புக் கோட்டோடு வீட்டுக்குப் போவார்கள். எத்தனை பேர் தோசையைப் பிய்த்துக்கொண்டு உட்காருவார்களோ. ஆனால் தவறு என்று சொல்ல என்னிடம் ஒரு பிள்ளையின் பசியைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

கட்டிங் மேசைக்குப் போனேன். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே வெட்டும் வடிவங்கள் வரைந்த தாளும் ஒட்டிவிட்டார்கள். நாகர்கோவில்காரரான நம் கட்டிங் மாஸ்டர் என் முகத்தைப் பார்த்ததுமே கையைத் தூக்கிவிட்டார்.

"மக்களே, ஒண்ணும் பேசாத. துணி விரிச்சாச்சு. நாளைக் காலத்த கத்தி எறங்கும். இனி அளவு செரியில்லன்னு நீ சொன்னா, நான் இந்த மேசையில ஏறிக் கெடந்து ஒறங்கதுக்கா?"

"இல்ல மாஸ்டர், மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

"கேளு கேளு. அவரு உன்ன ஒறங்க வைப்பாரு."

மேனேஜர் மலையாளி. எங்களோடு பேசும்போது அவருக்கென்று ஒரு தமிழ் வைத்திருப்பார். நான் சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எந்தா மோளே இது? ஒரு குட்டி தோச தின்னலன்னு கட்டிங் நிறுத்தணுமா? ஸ்கூல் தொறக்க எத்தன நாளுண்டு, தெரியுமல்லே?"

அந்த இடத்தில் அட்டவணை தவறு என்று நான் சொல்லியிருந்தால், காட்டு என்பார். காட்ட என்னிடம் எதுவும் இல்லை. பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அதனால் வேறு ஒன்று கேட்டேன். காலையில் டி-ஷர்ட்டை முதலில் வெட்டட்டும், நிக்கர் துணி விரித்தபடியே கிடக்கட்டும். நாளை மத்தியானம்வரை எனக்குத் தாருங்கள். அதற்குள் என் கையில் ஒன்றும் இல்லையென்றால் வெட்டிவிடலாம், நான் வாய் திறக்க மாட்டேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "உச்ச வரெ. உச்ச கழிஞ்ஞா கத்தி கேறும், பின்னே கரயருது." மத்தியானம்வரை, அதற்கு மேல் அழக் கூடாது. நன்றி சொல்லி வெளியே வந்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: அவசர நேரத்தில் வேலையை நிறுத்தச் சொன்னால் எல்லோரும் எதிர்ப்பார்கள். வரிசையை மாற்றச் சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும்.

மறுநாள் காலை பஸ் பிடித்துக் கரமனைக்குப் போனேன். அந்தக் கிளை ஆற்றுக்குப் போகும் வழியில் ஒரு பழைய வீடு. முன் அறையில் பிள்ளைகள், நடுவில் ஒரு டீச்சர். கெட்டவர் இல்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தப் பிஸ்கட் பிடிக்கும் என்று தெரிந்தவர். திரும்ப ஒருமுறை அளவெடுக்க வேண்டும் என்றதும் வரிசையாக நிறுத்தினார்.

ஆண் பிள்ளைகளை முதலில் எடுத்தேன். ஒருவன் இரண்டு கையிலும் பிஸ்கட் வைத்துக்கொண்டு, வயிறு முன்னால் தள்ள, யாரை அளக்கிறார்கள் என்ற கவலையே இல்லாமல் நின்றான். இன்னொருவன் மெலிந்தவன்; நழுவி விழும் நிக்கரை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருந்தான். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

பிறகு பெண் பிள்ளைகள். முதல் பிள்ளையின் முதுகில் டேப் பட்டதுதான் தாமதம், வயிறு உள்ளே போய்விட்டது. கூச்சம்போல என்று நினைத்தேன். அடுத்தவளும் அப்படியே. மூன்றாமவள் அதற்கும் மேல்: இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கி, முகவாயை உயர்த்தி, மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. டீச்சர்கூட அப்போது ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்த நிற்பை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே என்று தெரியவில்லை. இறுக்க மாட்டேன், பார் என்று காட்டுவதற்காக டேப்பை என் இடுப்பிலேயே சுற்றினேன். என் வயிறும் உள்ளே போயிற்று. முகவாய்கூட உயர்ந்தது. அடுத்து என்ன வரவேண்டும் என்று என் உடம்புக்குத் தெரிந்திருந்தது: நாடா.

பட்டுப்பாவாடை. ஓணத்துக்கு, விஷுவுக்கு, கோயிலுக்கு, பிறந்தநாளுக்கு. இரண்டு வயதிலிருந்தே பெண் பிள்ளையை முன்னால் நிறுத்தி, "மூச்சப் பிடி" என்று சொல்லி நாடாவை இழுத்து முடிச்சுப் போடுவார்கள். தளர்வாகக் கட்டினால் நாலடி நடப்பதற்குள் பாவாடை காலைச் சுற்றும். இடுப்பில் எது சுற்றினாலும் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று பெண் பிள்ளைகள் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஆண் பிள்ளைகளுக்கு அந்தப் பாடமே இல்லை. அவர்களுக்கு வேட்டிகூட ஒட்டிக்கொள்கிற வேட்டிதான். எல்லாக் கிளைகளிலும் டேப் சரியாகத்தான் அளந்திருக்கிறது. பாதிப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள், அவ்வளவுதான். நாடாவாவது கொஞ்ச நேரத்தில் தானே இளகிக் கொடுக்கும். எலாஸ்டிக் நாள் முழுக்க விடாது.

டீச்சரிடம் சொன்னேன். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "சரியாணல்லோ! ஞான் தன்னெ பறயும், 'வயறு உள்ளிலோட்டு'ன்னு. இல்லெங்கில் பாவாட ஊரிப் போவும்." பாவாடை நழுவாமல் இருக்க அவரே வயிற்றை உள்ளே இழுக்கச் சொல்வாராம்.

காரணம் தெரிந்தது. எண் இன்னும் கையில் வரவில்லை. மூச்சை விடு என்றேன். இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். சிரி என்றேன், வயிறு உள்ளேயே இருக்கப் பல் மட்டும் தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அங்கே டி-ஷர்ட் முடிந்துகொண்டிருக்கும்.

தரையில் உட்கார்ந்து டேப்பை ஒரு பிள்ளையிடம் கொடுத்தேன். "நீ என்னை அள." எவ்வளவு முடியுமோ அவ்வளவு வயிற்றைத் தள்ளினேன். அலுவலகத்தில் என்னை எல்லோரும் அமைதியான பெண் என்பார்கள். அன்று யாரும் படம் எடுக்காமல் விட்டது என் அதிர்ஷ்டம்.

"அய்யே, டீச்சரே! ஈ சேச்சிக்கு வயறு கண்டோ!"

அவ்வளவுதான். யார் வயிறு பெரியது என்று போட்டியாகிவிட்டது. பலூன் மாதிரி ஊதிக்கொண்டு வரிசையில் முண்டினார்கள். ஊதிய வயிற்றின் அளவும் பொய்தான் என்பதால், ஊதி முடித்து, சிரித்து, மூச்சு தானாக இறங்கும்வரை காத்திருந்து ஒவ்வொருவரையும் எடுத்தேன். எழுதும்போதே தெரிந்துவிட்டது. ஆண் பிள்ளைகளின் அதே அளவு.

பவி மட்டும் வரவில்லை. இறுக்கமான அந்த நிக்கரோடு சுவரில் சாய்ந்து நின்றாள். மற்றவர்கள் எல்லோரும் முடிந்த பிறகு டேப்பை அவள் பக்கம் நீட்டினேன். வந்து வாங்கிக்கொண்டாள். கை எட்டும் அளவுக்கு என் வயிற்றைச் சுற்றி, எண்ணைப் படிப்பதுபோல உற்றுப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து கேட்டாள்.

"நீங்க தடிச்சியா?"

சுற்றிலும் பிள்ளைகள் நின்றார்கள். டீச்சர் ஏதோ சொல்ல வந்தார்; வேண்டாம் என்று கண் காட்டினேன். நானும் இல்லை, நீயும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த வார்த்தை செத்துப் போகாது. அங்கே நிற்கும் இன்னொரு பிள்ளைமேல் போய் உட்காரும்.

"இது வயிறு. காலையில புட்டும் கடலையும் சாப்பிட்டேன். உள்ள இருக்கு."

"எல்லாமுமா?"

"எல்லாமும். பழமும் இருக்கு."

யோசித்தாள். "அப்ப இந்த நிக்கர் உங்களுக்குப் பத்தாதே."

"பத்தாது. பத்தலைன்னா நிக்கரை மாத்துவோம். எனக்கும் உங்க அம்மாவுக்கும் அதுதான் வேலை."

"வயித்த மாத்த மாட்டீங்களா?"

"அதுக்கு எங்ககிட்ட மெஷின் இல்லை."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் டேப்பைச் சுற்ற விட்டாள். உள்ளே போன வயிறு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, என் விரலுக்கு அடியில், டேப் நகர்ந்தது. எண்ணைக் குறித்துக்கொண்டு, "சரி, போகலாம்" என்று மட்டும் சொன்னேன். அப்போது பழம் கொண்டுவந்தார்கள். பவி ஒரு கடி கடித்துவிட்டு மீதியைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். ஒரு பேச்சில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

மத்தியானத்துக்கு முன்பே திரும்பிவிட்டேன். மேனேஜர் எண்களை வரிசையாகப் பார்த்தார். நான் நாடா விஷயத்தைச் சொன்னதும் படிப்பதை நிறுத்திவிட்டார்.

"என்டெ மோள்க்கு ஞான் தன்னெ பாவாட கெட்டிக் கொடுத்திட்டுண்டு," என்றார். "இதே பறஞ்ஞு, மூச்சுப் பிடின்னு." பிறகு, "சரி. இப்போ எந்து செய்யணும்?"

முந்தின இரவே தயாராக வைத்திருந்த பட்டியலில் பாதி அப்போது தேவைப்படவில்லை. மூன்றுதான் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அட்டவணை, உயரத்தை வைத்து. இடுப்புப் பட்டைக்குள்ளே எலாஸ்டிக்கைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பட்டன். மெலிந்த பிள்ளைக்கும் அது வேண்டும். கரமனையில் கொடுத்த உடுப்புகளை ஒன்று விடாமல் திரும்ப வாங்கி, எல்லோருக்கும் ஒரே நாளில் புதியது. பவிக்கு மட்டும் மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து.

தாளைப் பிரித்து மறுபடி ஒட்டும்போது கட்டிங் மாஸ்டர் விடவில்லை.

"அப்பம் ஆணு பொண்ணுன்னு லேபிள்ல ஒண்ணும் எழுத வேண்டாமா? பின்ன என்னத்த எழுதுவ?"

"உயரம் மாஸ்டர்."

"எனக்கும் அப்பிடி ஒண்ணு தைச்சுத் தா மக்களே. இந்த வயித்துக்கு முன்ன எவனும் சைஸ் எழுத வேண்டாம்."

அன்று மேசையைச் சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். கத்தி இறங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தேன். அதற்காக வேலை முடிந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. ஆர்டர் தப்பித்தது, பிள்ளை இன்னும் சாப்பிடவில்லை.

புது நிக்கர் கரமனைக்குப் போன பிறகு செல்வி அக்காவிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "தட்டுல வச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. சாப்பிட்டியான்னு கேக்காதீங்க."

"கேக்காம எப்படி மேடம் இருக்க? பெத்தவ இல்லியா?"

"கஷ்டந்தான் அக்கா."

நானும் அவரிடம் கேட்கவில்லை. நான் கேட்டால் அவர் போய்ப் பிள்ளையைக் கேட்பார், பிள்ளை மறுபடி குனிந்து பார்க்கும். தினமும் ஓவர்லாக் மெஷினைத் தாண்டும்போது அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் துணியைப் பார்ப்பார். ஜூன் பிறந்து, மழை வந்து, பள்ளியும் திறந்தது. மற்றக் கிளைகளிலிருந்தும் புகார் இல்லை. இந்த முறை அதை நம்பாமல் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து ஈர மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் எழுந்து நிக்கரை இழுத்துவிடவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. நான் எடுத்ததுமே செல்வி அக்கா சண்டைக்கு வருவதுபோலப் பேசினார்.

"மேடம், இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். மூணு பேருக்குன்னு வச்சிருந்த மாவு. அவளே முக்கால்வாசியத் தின்னுட்டா. இன்னும் தட்டத் தூக்கிக்கிட்டு அடுப்புப் பக்கத்துலயே நிக்கா. நாங்க ரெண்டு பேரும் என்னத்தத் திங்க?"

"கடையில புட்டு வாங்கிக்கோங்க அக்கா."

"சிரிக்கீங்களா மேடம்?"

"இல்லையே."

இரண்டு பேருமே சிரித்துக்கொண்டிருந்தோம். அவர் சிரிப்பில் கொஞ்சம் மூக்கடைப்பு இருந்தது.

பின்னாலிருந்து பவியின் குரல் கேட்டது. "அம்மா, இன்னும் ஒண்ணு. முறுகலா!"

"ஏட்டி, மாவு தீந்துட்டுட்டி."

"வழிச்சு ஊத்தும்மா."

போனை வைக்க அவர் மறந்துவிட்டார். நானும் வைக்கவில்லை. பாத்திரத்தின் அடியைக் கரண்டி சுரண்டியது, ஒரு முறை, மறுபடி ஒரு முறை. கல்லில் மாவு விழுந்து சுர்ரென்று சத்தம் வந்த பிறகுதான் வைத்தேன்.